துணை வெப்பம்: மிக நன்று

கரியில் கந்தகம் இருந்தால் அதுவும் எரியும். எரிந்தால் கொஞ்சம் சூடும் வரும். தீக்குச்சி கிழிக்கத் தெரிந்த எவருக்கும் தெரிந்த இந்தச் சங்கதியைக் கண்டுபிடிக்க, எரிபொருள் தர மேன்மை இயக்ககம் ஒன்பது பேர் கொண்ட நிபுணர் குழு போட்டு, எட்டு மாதம் குளுகுளு அறையில் உட்கார வைத்து, நூற்று நாற்பது பக்கத்துக்கு அறிக்கை வாங்கியது. கடைசிப் பக்கத்தில் கட்டம் கட்டி ஒரே ஒரு வரி: ‘கந்தகமும் எரிபொருளே.’ அந்த ஒரு வரி ஒரு ஆளைக் கொன்றது. எப்படி என்றுதான் சொல்லப் போகிறேன்.

அவளை எல்லாரும் லேப் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிட இருபது வயது மூத்த சூப்பிரண்டுகூட அப்படித்தான். மின் நிலையத்தின் கரிச் சோதனைக்கூடத்தில் அவளுக்கு அது பதினாலாவது வருடம். லாரி லாரியாக வந்து கொட்டுகிற கரியில் கொஞ்சம் அள்ளி, இடித்து, சலித்து, ஒரு கிராமை வில்லையாக அழுத்தி, கெட்டிச் சுவர் வைத்த எஃகுக் குடுவைக்குள் வைப்பாள். ஆக்சிஜனை அடைத்து மூடி, குடுவையைத் தண்ணீருக்குள் இறக்கி, கரண்ட் கொடுத்து எரிப்பாள். சுற்றியுள்ள தண்ணீர் எவ்வளவு சூடேறுகிறது என்று கலோரிமீட்டர் காட்டும். அதை வைத்துத்தான் கரியின் வெப்ப மதிப்பு.

வேலை அதோடு முடிந்துவிடாது. கந்தகம் இருக்கிறதே, அது மூடிய குடுவைக்குள் அமிலமாக மாறி, உலையில் ஒரு நாளும் கிடைக்காத உபரிச் சூட்டைக் காட்டிவிடும். அதனால் எரித்த பிறகு குடுவையைக் கழுவி, கழுவிய தண்ணீரில் எவ்வளவு அமிலம் என்று பியூரெட்டில் சொட்டுச் சொட்டாக அளந்து, அந்தப் பொய்ச் சூட்டைக் கழிக்க வேண்டும். அந்த ஊர்க் கரிக்கு ஐம்பது, அறுபது கலோரி கழியும். கந்தகம் எத்தனை சதவீதம் என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

சதவீதம் இரண்டைத் தாண்டினால் மாதத்துக்கு ஒரு தடவை உலையை நிறுத்தி டக்டைத் திறந்து பார்க்க வேண்டும் என்று பழைய விதி ஒன்று இருந்தது. டக்ட் என்றால் உலையிலிருந்து புகைக்கூண்டுக்குப் புகை போகிற தகட்டுப் பாதை. அறுபது அடி உயரத்தில், ஆள் நிமிர்ந்து நடக்கிற அளவில் இருக்கும். கந்தகப் புகை அங்கே ஆறி, ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகித் தகட்டைத் தின்னும். அந்த டக்டுக்குள் இறங்கி ஒட்டுப் போடுகிற வெல்டர் வேறு யாருமில்லை, லேப் அக்காவின் வீட்டுக்காரர்தான். அதனால் பியூரெட்டில் ஒரு சொட்டைக்கூட அவள் அசட்டையாக விட்டதில்லை.

இயக்ககத்துக்கோ வேறு கவலை. வெப்ப மதிப்பு வருடத்துக்கு ஐம்பது கலோரி உயர வேண்டும் என்று இலக்கு வைத்திருந்தார்கள். கரியோ தோண்டத் தோண்ட மட்டமாகிக்கொண்டே வந்தது. பூமிக்கு அடியில் கிடக்கிற கரிக்குச் சுற்றறிக்கை போய்ச் சேரவில்லை போலிருக்கிறது. அப்போதுதான் நிபுணர் குழுவின் அந்த ஒரு வரி வந்தது. அதைக் கொண்டுவந்து சேர்க்க இயக்ககத்திலிருந்து ஓர் உயர் அதிகாரி வந்தார்.

சுற்றறிக்கை வாசிக்கும்போது அத்தனை பேரும் எழுந்து நிற்க வேண்டும். உறையைப் பிரிக்க ஒருவர், தாளை விரிக்க ஒருவர், வாசிக்க ஒருவர். வாசித்து முடித்ததும் அதிகாரி தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“இத்தனை வருஷமா இந்த லேப்ல என்ன நடந்துச்சு? கழிச்சிட்டு இருந்தீங்க! பாவம், அந்தக் கந்தகம் உயிரைக் குடுத்து எரியுது. அதோட பங்களிப்பை ஒரு கண்ணாடிக் குழாயை வெச்சுக்கிட்டு சொட்டுச் சொட்டா கழிச்சிருக்கீங்க. என் சர்வீஸ்ல நான் ஒரு தடவைகூட எதையும் கழிச்சதில்ல. என்னை எங்க போட்டாலும் அங்க இருக்கிற எண் ஏறும். ஏறினதும் எனக்குப் பதவி உயர்வு குடுத்து வேற இடத்துக்கு மாத்திடுவாங்க. அதுக்கப்புறம் அங்க என்ன ஆச்சுன்னு நான் ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததே கிடையாது. அதான் என்னோட வெற்றி ரகசியம்!”

எல்லாரும் கைதட்டினார்கள். அன்றைக்கு மத்தியானத்துக்குள்ளேயே அவருக்குக் கூட்டல் சார் என்று பெயர் வைத்தாகிவிட்டது.

லேப் அக்கா கையைத் தூக்கினாள். பக்கத்தில் நின்ற சூப்பிரண்டு அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தும் இறக்கவில்லை.

“சார், அந்தச் சூடு குடுவைக்குள்ள மட்டும்தான் வரும். உலையில வராது சார்.”

“உலையை யாரும்மா பார்க்கறாங்க?” என்றார் கூட்டல் சார், நிஜமாகவே ஆச்சரியப்பட்டு. “எல்லாரும் ரிப்போர்ட்டைத்தானே பார்க்கறாங்க?”

பியூரெட்டுகளை எல்லாம் ஓர் அலமாரியில் போட்டுப் பூட்டி, அரக்கு முத்திரை வைத்து, ‘எதிர்மறைக் கருவிகள்’ என்று சீட்டு ஒட்டினார்கள். ரிப்போர்ட் தாளில் ‘கந்தகம், சதவீதம்’ என்ற கட்டம் போய் ‘துணை வெப்பம்’ என்று புதுக் கட்டம் வந்தது. அதில் எண் எழுதக் கூடாது. குறைவு, நன்று, மிக நன்று என்ற மூன்றில் ஒன்றை டிக் அடிக்க வேண்டும். கந்தகம் எவ்வளவுக்கெவ்வளவு அதிகமோ அவ்வளவுக்கவ்வளவு நன்று. கழிப்பதை நிறுத்திய மறுநாளே கரியின் வெப்ப மதிப்பு ஐம்பத்தைந்து கலோரி கூடியது. கரியும் அதேதான், குடுவையும் அதேதான். நிலையத்துக்குக் கேடயம் கிடைத்தது. ரிப்பன் வெட்டி அதை வரவேற்பறையில் மாட்டினார்கள்.

லேப் அக்கா ஒரே ஒரு பியூரெட்டை மட்டும் ஏப்ரனுக்குள் சுருட்டிக் கொண்டுபோய்ச் சாம்பல் டப்பாக்களுக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள்.

அன்று சாயங்காலம் வெங்காயம் நறுக்கிக்கொண்டே வீட்டுக்காரரிடம் பொரிந்து தள்ளினாள். வெல்டர் ஆறடி ஆள், குரலும் அப்படி.

“சரி, எனக்குப் புரியற மாதிரி சொல்லு. கந்தகம் எரியுதா இல்லையா?”

“எரியுதுங்க. யாரு இல்லைன்னா? நல்ல கரி ஒரு கிராமுக்கு எட்டாயிரம் குடுக்குதுன்னா, இது ரெண்டாயிரத்து சொச்சம் குடுக்கும். வீட்டுல சம்பாதிக்கிறவனை வெளிய அனுப்பிட்டு, அவன் இடத்துல கால்வாசி சம்பாதிக்கிற குடிகாரனைக் கொண்டு வந்து உக்கார வெச்ச மாதிரி. அவனும் சம்பாதிக்கிறான்தான், இல்லைங்கல. ஆனா வரும்போதே வாசக் கதவை உடைச்சுக்கிட்டுத்தான் வருவான்.”

“அடேங்கப்பா! அப்ப நம்ம சூப்பிரண்டு மாதிரின்னு சொல்லு.”

“அவரு பாவம், கதவைக்கூட உடைக்க மாட்டாரு. சிரிக்காதீங்க. அவன் உடைக்கிற கதவு உங்க டக்டுதான். எண்ணு இல்லைன்னா டக்டைத் திறக்க மாட்டாங்க. தெரியுமில்ல?”

வெல்டருக்குச் சிரிப்பு நின்றது.

அவள் சொன்னபடியேதான் ஆயிற்று. மராமத்துப் பிரிவுக்குப் போய், “டக்ட் திறந்து மூணு மாசமாச்சு, பாக்கலையா?” என்று கேட்டாள். அங்கே இருந்தவர் விதிப் புத்தகத்தைப் பிரித்துக் காட்டினார். “கந்தகம் ரெண்டுக்கு மேல இருந்தா திறக்கணும். உங்க ரிப்போர்ட்ல கந்தகமே இல்லையே. துணை வெப்பம்தானே இருக்கு? அதுவும் மிக நன்றுன்னு போட்டிருக்கு. நல்லா இருக்கிறதை எதுக்குத் திறக்கணும்?” என்றார். அவர் கிண்டல் செய்யவில்லை. கிண்டலாக இருந்திருந்தால்கூட அவளுக்கு மனசு ஆறியிருக்கும்.

அடுத்த வருடம் பிறந்தது. மறுபடியும் ஐம்பது கலோரி உயர வேண்டும். கழிப்பதை ஒரு தடவைதானே நிறுத்த முடியும்? கூட்டல் சார் மூன்று நாள் யோசித்தார். கந்தகமும் எரிபொருள் என்றால், கந்தகத்தைக் கூட்டினால் எரிபொருளும் கூடும் அல்லவா? ஒரு லாரி நிறைய மஞ்சள் கந்தகப் பொடி வந்து இறங்கியது. நூறு பங்கு கரிக்கு மூன்று பங்கு கந்தகம் என்று கலக்கச் சொன்னார். முதல் சாக்கை அவரே கத்தரிக்கோலால் வெட்டித் திறந்து வைத்தார். படம் எடுத்தார்கள். காற்று அடித்ததில் படத்தில் இருந்தவர்கள் அத்தனை பேரும் மஞ்சளாக இருந்தார்கள்.

லேப் அக்கா கலந்த கரியை எரித்துப் பார்த்தாள். பதினைந்து கலோரி குறைந்திருந்தது. குறையாமல் என்ன செய்யும்? நல்ல கரி இருந்த இடத்தை, பொய்ச் சூட்டைச் சேர்த்தாலும் கரி அளவுக்குச் சூடு தராத சாமான் அடைத்துக்கொண்டால்? மூன்று தடவை எரித்தாள். மூன்று தடவையும் அதேதான். ரிப்போர்ட்டைக் கையில் வாங்கிய சூப்பிரண்டுக்கு வியர்த்துக் கொட்டியது.

“லேப் அக்கா, எனக்கு ஓய்வு பெற ஏழு மாசம்தான் இருக்கு. இந்தக் கருவி என்னை முடிச்சிடும் போல இருக்கே.”

“கருவி என்ன சார் பண்ணும்? உள்ளதைச் சொல்லுது.”

“அதான் பிரச்சனை.”

நாலாம் நாள் கலோரிமீட்டருக்கு மெமோ வந்தது. ஆமாம், கருவிக்குத்தான். ‘நிபுணர் குழுவின் முடிவுக்கு முரணாக அளவு காட்டியதற்கு ஏழு நாட்களுக்குள் விளக்கம் தர வேண்டும்.’ மெமோவைக் கருவியின் நெற்றியில் ஒட்டி, பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சியாகச் சாட்சிக் கையெழுத்து வாங்கினார்கள். ஏழு நாள் கழிந்தது. கருவி பதில் சொல்லவில்லை. மௌனம் ஒப்புக்கொண்டதற்குச் சமம் என்று எழுதி, தற்காலிகப் பணிநீக்கம் செய்து, வெள்ளைத் துணி போட்டு மூடி, கட்டடத்தை விட்டு அனுமதியின்றி வெளியேறக் கூடாது என்றும் உத்தரவு போட்டார்கள்.

அதற்கப்புறம் கரியின் வெப்ப மதிப்பைக் கூட்டம் போட்டு முடிவு செய்தார்கள். திங்கள்கிழமைதோறும் பத்து மணிக்கு. ஒருவர் முன்மொழிவார், ஒருவர் வழிமொழிவார், கை தூக்குவார்கள். ஒரு திங்கள்கிழமை ஐயாயிரத்து நூறுக்கும் ஐயாயிரத்து நூற்றைம்பதுக்கும் சம வாக்கு விழுந்தது. கூட்டல் சார் தன் வாக்கைப் பெரிய எண்ணுக்குப் போட்டார். உலையில் நீராவி போதாமல் மின்சாரம் குறைந்தது. அதற்கு உலை ஆபரேட்டர்களின் மனப்பான்மை காரணம் என்று கண்டுபிடித்து அவர்களுக்கு மூன்று நாள் பயிற்சி வகுப்பு நடத்தினார்கள்.

இதற்கிடையில் லேப் அக்கா மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், சேமிப்பறையில் தூசி படிந்து கிடந்த பழைய குடுவையில் கரியை எரித்து, ஒளித்து வைத்த பியூரெட்டில் அளந்தாள். நாலு புள்ளி மூன்று. கந்தகப் பொடி தீர்ந்து, வெறும் கரி வந்துகொண்டிருந்தபோதே நாலு புள்ளி மூன்று. டக்டைத் திறந்து பதினோரு மாதம். தகடு எப்படி இருக்கும் என்று அவளுக்குப் பார்க்காமலே தெரிந்தது. மராமத்துப் பிரிவுக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். ‘உரிய படிவத்தில் இல்லை’ என்று திரும்பி வந்தது. படிவம் கேட்டாள். அப்படி ஒரு படிவம் இல்லை என்றார்கள். சூப்பிரண்டிடம் போனாள். அவர் காதைப் பொத்திக்கொண்டார். நிஜமாகவே இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். அதோடு அவளும் விட்டுவிட்டாள். இதை நான் மறைக்கப் போவதில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை டக்டில் புகை கசிகிறது என்று உலையை இரண்டு நாள் நிறுத்தினார்கள். வெல்டருக்கு உத்தரவு வந்தது: நாளைக் காலை உள்ளே போய் ஒட்ட வேண்டும்.

“நீங்க போகக் கூடாது,” என்றாள்.

“போகலைன்னா மெமோ குடுப்பானுங்க.”

“கலோரிமீட்டருக்கே குடுத்தவனுங்க. உங்களுக்கும் குடுக்கட்டும். அங்க தகடே இருக்காதுங்க. என் தலை மேல சத்தியமா சொல்றேன். வயித்து வலின்னு படுங்க.”

வெல்டர் அவள் முகத்தைப் பார்த்தார். பதினாறு வருடக் குடித்தனத்தில் அவள் தன் தலை மேல் சத்தியம் செய்தது இல்லை. மறுநாள் வயிற்று வலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டார்.

நிலையத்துக்குக் கூலி ஆள் தருகிற காண்ட்ராக்டர் வேறு ஆளை அனுப்பினார். வேலைக்குச் சேர்ந்து ஐந்து வாரமே ஆன ஆள். அவர் பெயர் மின் நிலையத்தில் ஒருவருக்கும் தெரியாது. கேட்டில் கொடுத்த பாஸ் எண் மட்டும் தெரியும். டக்டுக்குள் நாலு எட்டு வைத்தார். ஐந்தாவது எட்டில் தகடு கிழிந்தது. அறுபது அடி.

விசாரணைக் குழுவுக்குக் கூட்டல் சாரே தலைவர். இடைக்கால அறிக்கை இரண்டு நாளில் வந்துவிட்டது. ‘தொழிலாளி கால் வைக்கும் வரை தகடு தன் இடத்திலேயே இருந்தது. எனவே தகட்டின் மீது தவறில்லை. தொழிலாளியின் காலணி அடிப்பாகம் வழவழப்பாக இருந்ததால் வழுக்கி விழுந்தார்.’

எல்லாம் சுமுகமாக முடிந்திருக்கும். ஆனால் வழக்கமாகப் போகிற வெல்டருக்கு அன்றைக்குப் பார்த்து ஏன் வயிற்று வலி வந்தது என்று யாரோ கேட்டுவிட்டார்கள். லேப் அக்காவைக் கூப்பிட்டார்கள்.

நீள மேசைக்குப் பின்னால் மூன்று பேர், ஓரத்தில் பேனாவோடு கிளார்க்.

“உங்க வீட்டுக்காரருக்கு அன்னிக்கு உண்மையிலேயே வயித்து வலியா மேடம்?” என்றார் கூட்டல் சார்.

“இல்ல சார். நான்தான் போக வேண்டாம்னேன். தகடு அரிச்சிருக்கும்னு தெரியும்.”

“எப்படித் தெரியும்?”

“கரியில கந்தகம் நாலு புள்ளி மூணு சார்.”

கிளார்க்கின் பேனா நின்றது. கூட்டல் சார் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் பரவியது. ஒரு வருடமாக அவர் தேடாத குற்றவாளி தானாகவே வந்து மாட்டியிருக்கிறாள்.

“பார்த்தீங்களா!” என்றார் மற்ற இருவரிடமும். “இவ்வளவு முக்கியமான தகவல். நிலையத்துல ஒருத்தருக்கும் தெரியாது. தெரியாம இருக்க நாங்க எவ்வளவு ஏற்பாடு பண்ணியிருக்கோம்! அதையும் மீறி இந்தம்மா தெரிஞ்சு வெச்சிருக்காங்க. தெரிஞ்சு வெச்சுக்கிட்டுத் தன் புருஷனை மட்டும் காப்பாத்தியிருக்காங்க.” பிறகு குரலை இறக்கினார். “மேடம், நான் மோசமானவன் இல்ல. ரெண்டு வழி இருக்கு. எனக்கு ஒண்ணும் தெரியாது, வயித்து வலிதான்னு சொல்லுங்க. வழுக்கி விழுந்தாருன்னு ஃபைலை மூடிடலாம். தெரியும்னு சொன்னீங்கன்னா, தெரிஞ்சும் சொல்லாததுக்கு உங்க மேல குற்றப்பத்திரிகை. வேலை போகும், அதுக்கு மேலயும் போகும். அஞ்சு நிமிஷம் வெளிய உக்காந்து யோசிச்சிட்டு வாங்க.”

வெளியே வந்தாள். தூ, இவன்களும் இவன்கள் கட்டமும்! ஒளித்து வைத்து ஆறு மாதம் அளந்தாளே, அதற்கா இது? எழுதிக் கொடுத்தாளே, திருப்பி அனுப்பியது யார்? ஆனால் கோபம் அங்கேயே நிற்கவில்லை. புருஷனைப் படுக்க வைத்தவள், டக்டு வாசலில் போய் நின்று ஒரு சத்தம் போட்டிருந்தால் என்ன? யாரும் கையைப் பிடிக்கவில்லையே. தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாளைக்கு வழக்கம்போல ஏப்ரன் மாட்டிக்கொள்ளலாம்.

வராந்தா பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முப்பது வயது இருக்கும். கையில் இயக்ககத்தின் தாள். கையெழுத்துப் போடச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அவள் அதைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, இங்க வேலை பாக்கறீங்களா?”

“ஆமா.”

“என் வீட்டுக்காரர் ஷூ வழவழப்பா இருந்துச்சுன்னு போட்டிருக்காங்க. போன வாரம்தான் புது ஷூ வாங்கினாரு. அடி முழுக்க முள்ளு முள்ளா இருந்துச்சு, நான்தான் தடவிப் பார்த்தேன். புது ஷூ வழுக்குமாக்கா?”

லேப் அக்கா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“உங்க வீட்டுக்காரர் வழுக்கி விழல. கால் வெச்ச இடத்துல தகடு இல்ல. ஒரு வருஷமா அமிலம் தின்னிருக்கு. அது எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரர்தான் அன்னிக்குப் போயிருக்கணும். நான் அவரைப் போக விடல. உங்க வீட்டுக்காரரைத் தடுக்க நான் வரல.”

அந்தப் பெண் அழவில்லை. தாளை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, லேப் அக்காவின் மணிக்கட்டைப் பிடித்தாள். இரும்புப் பிடி.

“எழுந்திருங்க.”

“எங்க?”

“உள்ள. இப்ப எங்கிட்ட சொன்னதை ஒரு வார்த்தை குறையாம அவங்ககிட்ட சொல்லுங்க.”

“சொன்னா எனக்குக் குற்றப்பத்திரிகை குடுப்பாங்கம்மா.”

“குடுக்கட்டும். வாங்கிக்குங்க.”

அந்தப் பெண் கதவைத் தட்டாமலே திறந்தாள். அஞ்சு நிமிஷம் இன்னும் ஆகலையே என்றார் கூட்டல் சார். லேப் அக்கா நின்றுகொண்டே சொன்னாள்: பியூரெட்டைப் பூட்டியது, கட்டத்தை மாற்றியது, தாள் திரும்பி வந்தது, நாலு புள்ளி மூன்று, வயிற்று வலி, எல்லாம். தன்னையும் விட்டுவைக்கவில்லை. மணிக்கட்டில் இருந்த பிடி தளரவே இல்லை. சொல்லி முடித்தபோது கிளார்க்கின் தாள் வெள்ளையாகவே இருந்தது. அவர் பேனாவைப் பிடித்தபடி கூட்டல் சார் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவரை ஏன் பாக்கறீங்க?” என்றாள் அந்தப் பெண். “செத்தது என் புருஷன். என்னைப் பாத்து எழுதுங்க.”